ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லை

ஹட்டன் டவுனில் எத்தனையோ பேர் கம்ப்யூட்டர் கடை நடத்தியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர்களை வரிசையாக எழுப்பி, ஒவ்வொன்றையும் நம்பர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வாங்கிய பிறகே வேலைக்கு அனுப்பியவர் ஒருவர்தான். இந்தத் தீவிலேயே, ஏன், உலகத்திலேயே அவர் ஒருவர்தான் என்று அடித்துச் சொல்வேன். மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வரட்டும். அவரை நாங்கள் பெரட்டக்கா என்று கூப்பிட்டோம். அடையாள அட்டையில் வேறு பெயர் இருந்திருக்கும். அது கிராம சேவகருக்கும் தபால்காரருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

மலையகத்தில் பிறந்தவர்களுக்குப் பெரட்டு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் காலையில் ஆட்கள் எல்லோரும் ஒரு களத்தில் கூடி நிற்பார்கள். கணக்கப்பிள்ளை அவர்களைப் பார்த்து, இன்னார் இந்த மலைக்கு, இன்னார் அந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவார். அதுதான் பெரட்டு. பிந்தி வந்தவர் கூடையைத் தூக்கிக்கொண்டு லயத்து வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். பெரட்டுக்கு வராதவர் மலையில் நிற்கக் கூடாது. இந்த ஒற்றைச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பெரட்டக்கா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு கடிகாரக் கடையின் மாடியில், எட்டுக் கம்ப்யூட்டர் போட்டு ஒன்லைன் கேம் விளையாடும் இடம் ஒன்றைத் திறந்தார்.

வயது முப்பதைத் தொட்டிருக்காது. பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். கொழும்பில் மதர்போர்ட் பழுதுபார்க்கும் வேலையில் நல்ல பெயர் எடுத்துவிட்டு, "அங்க வேர்க்குது" என்ற ஒரே காரணத்துக்காகத் திரும்பி வந்தவர். ஊதா நிறக் கம்பளித் தொப்பி, விரல் நுனி வெட்டிய கையுறை, சாக்ஸ் போட்ட காலில் ரப்பர் செருப்பு. கையில் எப்போதும் ஒரு குடை. அதை அவர் விரித்து யாரும் பார்த்ததில்லை. சுட்டிக்காட்டுவதற்காக வைத்திருந்தார். மழை கொட்டினால் குடை நனையாமல் பொலித்தீன் பையில் சுற்றி, தான் நனைந்துகொண்டே வருவார்.

கடைக் கதவில் ஒரே ஒரு அறிவித்தல்: "தேத்தண்ணி உள்ளே வரக் கூடாது." ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் தேயிலைதான். அந்த ஊரில் தேத்தண்ணியை வாசலோடு நிறுத்திய ஒரே இடம் அது. கடிகாரக் கடைக்காரர்கூட மாடிக்கு வருமுன் தன் கோப்பையைப் படியில் வைத்துவிட்டுத்தான் வருவார்.

காலை எட்டரைக்குப் பெரட்டு. நாங்கள் ஆளுக்கொரு மெஷினுக்கு முன்னால் உட்கார வேண்டும். எங்களுக்குப் பெயர் கிடையாது, உட்கார்ந்த இடத்து நம்பர்தான் பெயர். என் இடம் ஐந்தாவது. அக்கா நடுவில் நின்று குடையை நீட்டுவார்.

"ஒன்னு."

"இருக்கேன்க்கா."

"ரெண்டு."

"இருக்கேன்க்கா."

"மூணு. மூணு... ஏன் மூணு பேச மாட்டேங்குது?"

"வாயில பணிஸ் இருக்குக்கா."

"கம்ப்யூட்டருக்கா?"

"எனக்குக்கா."

"அது முழுங்கட்டும். நாலு."

இருக்கேன்க்கா என்று சும்மா சொல்லிவிட முடியாது. மெஷின் கண் விழிக்கும்போதே அதன் உள் அமைப்புத் திரைக்குப் போய், செக்யூர் பூட் போட்டிருக்கிறதா, டி.பி.எம். சிப் விழித்திருக்கிறதா என்று இரண்டையும் கண்ணால் பார்த்த பிறகே சொல்ல வேண்டும். பார்க்காமல் சொன்னவரை அன்று முழுக்க நாற்காலியில்லாமல் நின்று விளையாட வைத்த கதையும் உண்டு. நின்று விளையாடி அவர் அன்று ஜெயித்துவிட்டார். அது அக்காவுக்கு அவ்வளவு பிடிக்கவில்லை.

ஆரம்பத்தில் எனக்கு இது பெரிய கூத்தாகத் தெரிந்தது. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலம். எல்லாம் தெரியும் என்ற நினைப்பு எனக்கு நிறைய இருந்தது. ஒருநாள் நேராகவே கேட்டேன்.

"கள்ளனைப் பிடிக்கிற சாப்ட்வேர் கேமுக்குள்ளயே இருக்குக்கா. நம்ம எதுக்கு மெனக்கெடணும்?"

"அது எப்ப எழும்புது?"

"கேம் போட்டதும்."

"கள்ளன் எப்ப எழும்புறான்?"

நான் யோசித்தேன். அவர் காத்திருக்கவில்லை.

"அவன் விடியறதுக்கு முந்தியே எழும்பிட்டான். பெரட்டுக்கு முந்தியே மலையில ஏறி தேயிலைக்குள்ள உட்கார்ந்துட்டான். அப்புறமா கணக்கப்பிள்ளை வந்து 'யாராச்சும் ஒளிஞ்சிருக்கீங்களா'ன்னு கேட்டா, பின்னாலேருந்து அவர் கண்ணைப் பொத்திக்கிட்டு 'யாரும் இல்லைங்க'ன்னு அவனே பதில் சொல்லுவான். உன் சாப்ட்வேரும் சரின்னு எழுதிக்கிட்டுப் போயிரும்."

எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. துப்பாக்கி விளையாட்டுகளில் சுவருக்கு அப்பால் இருப்பவரைக் காட்டிக்கொடுக்கும் கள்ள நிரல்கள் இருக்கின்றன. குறியைத் தானே திருப்பிச் சுடுபவையும் இருக்கின்றன. அவற்றில் கெட்டிக்காரன் கம்ப்யூட்டர் முழுதாக விழிக்கும் முன்பே அடியில் போய் உட்கார்ந்துகொள்வான். செக்யூர் பூட் அந்த முதல் நொடியிலேயே வாசலில் நின்று, வருகிற ஒவ்வொரு நிரலின் கையொப்பத்தையும் பார்த்து உள்ளே விடும். யார் எந்த வரிசையில் வந்தார்கள் என்பதை டி.பி.எம். சிப் குறித்துக்கொள்ளும். "அதுக்கிட்ட பென்சில் இருக்கு, ரப்பர் இல்ல" என்பார் அக்கா. பிறகு கேம் வந்து கேட்டால், சிப் தன் முத்திரையைப் போட்டுப் பதில் சொல்லும்.

"அப்போ எல்லாக் கள்ளனும் மாட்டிருவானாக்கா?"

"எல்லாரும் மாட்ட மாட்டான். முதல்ல எழும்புறவன் மாட்டுவான். அவன்தான் பெரிய ஆளு."

இந்த ஏற்பாட்டுக்காக எட்டு மெஷினையும் பிரித்து மேய்ந்தார். ஏழு தேறின. ஏழாம் நம்பர் மட்டும் மிகப் பழையது. அதில் டி.பி.எம். சிப்பே கிடையாது. அதைத் தூக்கிப் போட அவருக்கு மனம் வரவில்லை. மூலையில் தனி மேசை போட்டு, வேலை விண்ணப்பங்களும் பிறப்புச் சான்றிதழ்க் கடிதங்களும் தட்டச்சுச் செய்ய வைத்துக்கொண்டார். நாங்கள் அதற்கு ஓய்வூதியக்காரர் என்று பெயர் வைத்தோம். பெரட்டில் ஆறுக்குப் பிறகு நேராக எட்டைக் கூப்பிடுவார். ஆனால் ஏழைத் தாண்டும்போது அந்தப் பக்கம் லேசாகத் தலையை அசைப்பார். அதுவும் ஆள்தானே.

ஒருநாள் கினிகத்தேனையில் இருந்து ஒருவர் வந்தார். பாதித் தலைமுடி சிவப்பு, கழுத்தில் சங்கிலியில் பென் டிரைவ். ஆறாம் நம்பரில் உட்கார்ந்ததும் அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, ஒரு சின்ன டிரைவர் மட்டும் போடணும். மவுஸுக்கு."

"மவுஸுக்கு என்னா, சொகமில்லையா?"

"கொஞ்சம் ஸ்லோவா இருக்கு."

"டிரைவருக்கு யாரு கையெழுத்துப் போட்டிருக்காங்க?"

"கையெழுத்தா? ஒரு பிரெண்டு குடுத்ததுக்கா."

"பிரெண்டுக்கு யாரு கையெழுத்து?"

அவர் சிரித்துச் சமாளித்தார். பிறகு சொல்லக்கூடாததைச் சொன்னார். "செக்யூர் பூட்டை ஒரு ரெண்டு நிமிஷம் ஓஃப் பண்ணுங்க. போட்டதும் ஓன் பண்ணிரலாம்."

கோயிலுக்குள் செருப்போடு ஏறியவரைப் பார்ப்பதுபோல மற்ற ஆறு பேரும் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தோம். அக்கா கோபப்படவில்லை. குடையால் வாசலைக் காட்டினார்.

"பதினாலு படி இருக்கு தம்பி. வழுக்கும். எண்ணிக்கிட்டே இறங்குங்க."

அவர் உண்மையிலேயே எண்ணிக்கொண்டு இறங்கினார். எங்களுக்கு மேலே வரை கேட்டது.

பெரட்டு கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கல்யாணத்துக்கும் போனது. ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில், அவருடைய அம்மா அனுப்பிய தரகர் ஒருவர் மாப்பிள்ளை படத்தோடு கடைக்கே வந்துவிட்டார். அன்று எங்கள் எல்லோருக்கும் விளையாட்டில் ஆர்வம் குறைந்து ஹெட்போன் காதைவிட்டு நழுவிவிட்டது.

"பையன் சொக்கத் தங்கம்மா. ஒரு கெட்ட பழக்கம் இல்ல."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

"நான் பார்க்கல. ராகலைத் தரகர் சொன்னாரு. அவர் சொன்னா சரியா இருக்கும்."

"அவர் பார்த்திருக்காரா?"

"அவருக்கு பதுளையில ஒருத்தர் சொல்லியிருக்காரு."

"பதுளைக்காரருக்கு?"

தரகர் வியர்வையைத் துடைத்தார். ஹட்டன் குளிரில் ஒருவர் வியர்த்து நான் பார்த்தது அன்று மட்டும்தான். "அவருக்கு... பையனோட அம்மாதான் சொன்னாங்களாம்."

"அப்போ முதல் கையெழுத்து அம்மாவோடது. மத்தவங்க எல்லாம் அதுக்குக் கீழ கீழ கையெழுத்துப் போட்டிருக்காங்க. எந்த அம்மா மகனுக்குப் போடமாட்டாங்க? ஐயா, இதுக்கு எங்க வேலையில செல்ஃப் சைன்டுன்னு பேரு. தனக்குத் தானே கையெழுத்து. உள்ள விட மாட்டோம்."

பின்னால் விசாரித்ததில் அந்த மாப்பிள்ளை உண்மையிலேயே நல்லவராம். நான் அதைச் சொன்னபோது அக்கா குடையைச் சுவரில் சாய்த்துவைத்தார். அப்புறம், "நல்லவரா இருக்கிறது வேற, அஞ்சு. நல்லவர்னு காட்டக்கூடிய மாதிரி இருக்கிறது வேற" என்றார். அதை நான் அப்போது கல்யாணம் பற்றிய பேச்சு என்றே நினைத்தேன்.

எங்கள் குழுவுக்கு எட்டாம் நம்பர் மலை என்று பெயர். ஐந்து பேர். ரெண்டாம் நம்பர் ஷர்மி. அக்காவின் ஊர்ப்பக்கத்தில் இருந்து பஸ்ஸில் வருவாள். எங்களில் உண்மையான ஆட்டக்காரி அவள்தான், மற்றவர்கள் அவளுக்குப் பக்கவாத்தியம். ஒன்று, மூன்று, நாலு ஆகிய மூவரும் ஒரே லயத்தில் பிறந்த பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். ஒருவர் தொடங்கிய வசனத்தை மற்ற இருவர் முடிப்பார்கள் என்பதால் மூவரையும் ஒரே ஆளாகவே எண்ணிக்கொள்ளலாம். ஐந்து நான்.

தீவு முழுவதிலுமிருந்து குழுக்கள் சேர்ந்த ஒரு ஒன்லைன் போட்டி. ஒவ்வொரு குழுவும் தன் ஊரிலிருந்தே விளையாடலாம். நாங்கள் ஒவ்வொன்றாக ஜெயித்து, எங்களுக்கே நம்பிக்கை வராமல், இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம். அரையிறுதியில் ஷர்மி ஒரு மூடிய மரக்கதவின் ஊடாகச் சுட்டு எதிராளியை வீழ்த்தினாள். அவள் காலடிச் சத்தத்தைக் கேட்டுச் சுட்டாள். எங்கள் நெட் திக்கித் திக்கி வருவதால் கண்ணைவிடக் காதை நம்பிப் பழகியவள் அவள். அந்தத் துண்டு வீடியோவை வெட்டி எடுத்து, இறுதியில் எங்களைச் சந்திக்கவிருந்த கொழும்புக் குழு போட்டிப் பக்கத்தில் போட்டது. கீழே சிங்களத்தில் ஒரு வரி: தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சுவர் கண்ணாடி மாதிரித் தெரியுமோ?

ஷர்மி அதை வாசித்துவிட்டு மவுஸைக் கீழே வைத்தாள். "நான் வரலக்கா. நான் இல்லாட்டி யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க."

பெரட்டக்கா அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். அவருக்குத் தலைமுடி இருப்பதை நாங்கள் அன்றுதான் கண்டோம்.

"தோட்டத்துல பெரட்டு வைக்கிறது ஆளை நம்பாததால" என்றார். "நம்ம வைக்கிறது எதுக்கு? எவனும் நம்மள இப்படி ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுன்னு. நீ உட்காரு, ரெண்டு."

போட்டி ஏற்பாட்டாளருக்குப் போன் போட்டார். அக்காவின் சிங்களம் கொழும்பிலேயே கூர் தீட்டியது. விஷயம் இதுதான்: வீடுகளில் பழைய மெஷின் வைத்திருப்பவர்களை நினைத்து, செக்யூர் பூட்டும் டி.பி.எம்.மும் கட்டாயம் என்ற விதியைப் போட்டியில் போடாமல் விட்டிருந்தார்கள். இறுதிப் போட்டிக்கு அதைப் போடுங்கள், இரண்டு பக்கத்துக்கும் போடுங்கள், பத்து மெஷினும் பெரட்டுக்கு வரட்டும் என்றார். கொழும்புக் குழு மூன்று நாள் அவகாசம் கேட்டது. கள்ளத்தனம் ஒன்றும் இல்லை. அவர்களில் ஒருவருடைய மெஷினை முதலிலிருந்து ஒழுங்குபடுத்த வேண்டியிருந்ததாம். அக்கா பெருந்தன்மையோடு ஒத்துக்கொண்டார். போட்டி ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது.

இங்கேதான், மலையகத்தில் பிறந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறை நாங்கள் ஆறு பேரும் ஒன்றாகச் செய்தோம்.

தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லை. அது எங்கள் ரத்தத்தில் ஊறியது. கடையிலும் அப்படித்தான். திங்கள் முதல் சனி வரை எட்டரைக்கு மெஷின்கள் பதில் சொல்லும். ஞாயிறு அவற்றுக்கும் ஓய்வு. மத்தியானத்துக்கு மேல்தான் கடையே திறக்கும். இறுதிப் போட்டி ஞாயிறு என்று தெரிந்தும், அன்று காலை பெரட்டு வைக்க வேண்டுமே என்று பெரட்டக்காவுக்கே தோன்றவில்லை. எல்லாம் தெரிந்த எனக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை மாலை இடி இடித்து மழை பெய்து டவுன் முழுக்க கரண்ட் போனது. விடிந்த பிறகுதான் வந்தது. மூன்று மணிக்குப் போட்டி. இரண்டரைக்கு எல்லோரும் மெஷினைப் போட்டு, கேமைத் திறந்தோம். நான்கு மெஷின் திறந்தன. ஐந்தாம் நம்பர், என்னுடையது, தான் தொழிற்சாலையில் பிறந்த வருஷத்திலேயே இன்னும் இருப்பதாக நினைத்துக்கொண்டு எழும்பியது. செக்யூர் பூட் இல்லை, உள்ளே விட முடியாது என்று கேம் ஒரு பெட்டியைக் காட்டியது.

மதர்போர்டில் ஒரு காசு அளவு பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் மெஷினின் ஞாபகத்தைக் காப்பது அதுதான். எப்போதோ செத்துப்போயிருந்திருக்கிறது. சுவரில் கரண்ட் இருந்தவரை அது வெளியே தெரியவில்லை. சனிக்கிழமை கரண்ட் போனதும் ஐந்தாம் நம்பர் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. காலையில் ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மெஷினைப் பார்த்துத்தான் கேட்டார். "அஞ்சு, காலையில பெரட்டுக்கு வந்தியா?"

மெஷினுக்காக நான்தான் பதில் சொன்னேன். "இன்னைக்குப் பெரட்டே வைக்கலியேக்கா. ஞாயித்துக்கிழமை."

அவர் கையிலிருந்த குடை மெதுவாகத் தரையைத் தொட்டது.

அந்தப் பக்கம் ஏற்பாட்டாளரின் திரையில், முன்கூட்டியே பதிவு செய்த பத்து மெஷினின் நிலையும் தெரிந்தது; பதியாத ஆறிலோ எட்டிலோ நான் மாறி உட்கார விதி விடாது. கொழும்புக் குழுவின் ஐந்தும் பச்சை. எங்களுடையதில் நாலு பச்சை, ஒன்று சிவப்பு. அவர்களுடைய தலைவர் ஒலிவாங்கியில் சிரித்தார். "விதி கேட்டவங்களுக்குத்தான் சிவப்பு."

ஏற்பாட்டாளர் நல்ல மனிதர். "அவுலக் நே அக்கா" என்றார், பிரச்சினை இல்லை என்று. பேட்டரிதானே, ஓன் பண்ணிவிட்டு விளையாடுங்கள், உங்களை எங்களுக்குத் தெரியாதா என்றார்.

நான் அவசரப்பட்டேன். "ரெண்டு நிமிஷ வேலைக்கா. ஓன் பண்ணினா பச்சை வந்துரும்."

"ராத்திரி பூரா வாசல் திறந்து கிடந்த வீடு. இப்ப வந்து பூட்டினா உள்ள யாரும் இல்லைன்னு ஆயிருமா?"

"கடை பூட்டித்தானே இருந்துச்சு. யாருக்கா வந்திருப்பாங்க?"

"யாரும் வரல. அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அவங்களுக்கு?"

ஷர்மி தன் நாற்காலியை மெஷினுக்குக் கொஞ்சம் கிட்ட இழுத்துப்போட்டுக்கொண்டாள்.

அக்கா ஒலிவாங்கியை எடுத்தார். "எங்க அஞ்சாவது மெஷின் இன்னைக்குப் பெரட்டுக்கு வரல. கழுவித் துடைச்சுப் புதுசா எழுப்பினாத்தான் வரும். நேரத்துக்குத் தொடங்குங்க. நாங்க ஒரு ஆள் குறைச்சலா விளையாடுறோம். முடிஞ்சா பாதி ஆட்டத்துல அஞ்சாவது ஆள் வருவாரு, விதியில இடம் இருக்கு."

சட்டம் போட்டவரே அதன் முதல் பலியாவதை நான் அன்றுதான் நேரில் பார்த்தேன். அது என் நாற்காலியில் நடந்ததுதான் கொஞ்சம் சங்கடம்.

பிறகு நடந்ததை ஓர் அறுவைச் சிகிச்சை என்றே சொல்ல வேண்டும். ஞாயிறு என்பதால் கீழே கடிகாரக் கடை பூட்டியிருந்தது. காசு பேட்டரிக்கு எங்கே போவது? அக்கா மூலைக்குப் போனார். ஓய்வூதியக்காரரின் மூடியைத் திறந்து, தொப்பியிலிருந்து ஒரு ஊசியை எடுத்து, அதன் பேட்டரியை நெம்பி எடுத்தார். "மன்னிச்சுக்க ஏழு" என்றார். ஒருநாளும் பெரட்டுக்குக் கூப்பிடப்படாத ஏழாம் நம்பர்தான் அன்று ஐந்துக்கு உயிர் கொடுத்தது. அடுத்து, பூட்டுப் போட்ட ரஸ்க் டின் ஒன்றைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு பென் டிரைவ், சுத்தமான சிஸ்டம் அடங்கியது. ஐந்தின் ஹார்ட் டிஸ்க்கை முழுவதும் அழித்து, புதிதாகப் போட ஆரம்பித்தார். கேமை நெட்டில் இறக்கினால் அடுத்த ஞாயிறு ஆகிவிடும் என்பதால் ஆறாம் நம்பரிலிருந்து கேபிள் இழுத்தோம்.

மூன்று மணிக்குப் போட்டி தொடங்கியது. பதின்மூன்று சுற்று எடுப்பவருக்கு வெற்றி. பன்னிரண்டு சுற்று முடிந்ததும் இடைவேளை. நாலு பேர், ஐந்து பேருக்கு எதிராக.

என் ஒரு கண் எங்கள் நாலு பேரின் திரையில், மற்றது என் மெஷினின் பச்சைக் கோட்டில். கோடு, கினிகத்தேனைப் பக்கத்து ஏற்றத்தில் திணறும் சீமெந்து லொறிபோல நகர்ந்தது. ஒன்று, மூன்று, நாலு மூவரும் ஒன்றாகவே பிறந்ததுபோல ஒன்றாகவே செத்துக்கொண்டிருந்தார்கள்.

"பின்னால வாறான்..."

"...இடது பக்கம்..."

"...செத்துட்டோம்."

ஷர்மி தனியாக நின்று மூன்று சுற்றைப் பிடுங்கினாள். பாதி ஆட்டத்தில் மூன்றுக்கு ஒன்பது என்று பின்னால் இருந்தோம்.

இடைவேளை நேரத்தில்தான் கோடு நிறைந்தது. மெஷின் அணைந்து, மறுபடி விழித்தது. அக்கா நடுவில் போய் நின்றார். போட்டி நடக்கிறது, பக்கத்து மாடி ஜன்னல்களில் ஆட்கள் நிற்கிறார்கள், அந்தப் பக்கம் கொழும்பே காது கொடுத்துக் கேட்கிறது. எதையும் பொருட்படுத்தாமல் குடையை நீட்டினார்.

"அஞ்சு."

நான் திரையைப் பார்த்தேன். செக்யூர் பூட் இருந்தது. டி.பி.எம். இருந்தது.

"இருக்கேன்க்கா."

கேம் திறந்தது. ஏற்பாட்டாளர் சொன்னார்: பத்தும் பச்சை.

இரண்டாம் பாதியை நான் வர்ணிக்க ஆரம்பித்தால் பத்திரிகை ஆசிரியர் பக்கத்தைப் பிடுங்கிக்கொள்வார். சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்து பேராக நின்ற பிறகு பன்னிரண்டு சுற்று நடந்தது. எட்டு எங்களுடையது. ஷர்மி மறுபடியும் ஒரு கதவின் ஊடாகச் சுட்டாள், இந்த முறை யாரும் வாய் திறக்கவில்லை. கடைசிச் சுற்றில் நான் ஒரு மூலையில் அரை அடி அதிகமாகத் தலையை நீட்டினேன். பதினொன்றுக்குப் பதின்மூன்று. தோற்றோம்.

ஒலிவாங்கியில் கொழும்புத் தலைவர் கேட்டார். சிரிப்பு இல்லாத குரல். "அக்கா, ஏன் ஒரு ஆள் குறைச்சலா தொடங்கினீங்க? அப்படியே விளையாடியிருந்தா ஜெயிச்சிருப்பீங்க. நாங்க ஒன்னும் சொல்லியிருக்க மாட்டோமே."

"இன்னைக்குச் சொல்லியிருக்க மாட்டீங்க" என்றார் பெரட்டக்கா.

அந்தத் தலைவருக்கு அது புரிந்திருக்க வேண்டும். அன்று மாலையே அந்த வீடியோ போட்டிப் பக்கத்திலிருந்து மறைந்தது. அதே இடத்தில், அந்தக் கதவுச் சத்தத்தை எப்படிக் கேட்டீர்கள், கற்றுத்தர முடியுமா என்று ஷர்மிக்கு ஒரு கேள்வி வந்திருந்தது. ஷர்மி பதில் போட்டாள்: முதலில் உங்கள் நெட்டைக் கெடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த போட்டியிலிருந்து எல்லாக் குழுவுக்கும் அந்த விதி கட்டாயமானது. இரண்டாம் இடத்துச் சான்றிதழ் தபாலில் வந்தபோது அக்கா முதலில் கீழே பார்த்தார், யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று. திருப்தியான பிறகே மேலே வாசித்தார். அதை எங்கே மாட்டினார் தெரியுமா? ஓய்வூதியக்காரரின் மேசைக்கு மேலே. புதுப் பேட்டரியும் அதற்கு வாங்கிப் போட்டார். கதவு அறிவித்தலில் தேத்தண்ணிக்குக் கீழே இரண்டாவது வரி ஒன்று சேர்ந்தது: "ஞாயிறும் பெரட்டு உண்டு."

ஹட்டனைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் குளிரையும் தேயிலையையும் சொல்வார்கள். நான் அந்தக் கடையைச் சொல்வேன். ஜெயிக்கக் கூடிய ஆட்டத்தை, பிறகு யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்பதற்காக ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு ஆடிய ஊர் எங்களுடையது.

இப்போது கொழும்பில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன். இங்கே வேர்க்கத்தான் செய்கிறது, அக்கா சொன்னது சரி. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு என் போன் அடிக்கும். எடுத்தால் அந்தப் பக்கம் நலமா என்ற கேள்வி இல்லை, சாப்பிட்டாயா என்ற விசாரிப்பு இல்லை. ஒரே ஒரு சொல்.

"அஞ்சு."

"இருக்கேன்க்கா."

போன் வைக்கப்பட்டுவிடும். மற்ற ஆறு நாளும் நான் பத்திரமாக இருப்பேன் என்று நினைக்கிறாரோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கூப்பிடுகிறார். இதுவரை ஒரு ஞாயிறு தவறியதில்லை. நானும் ஒருநாள்கூடப் பிந்தியதில்லை.